அச்சு முறிந்த இடத்தைத் தாண்டி

தென்காசி,
17-2-1964, மாசி 5.

அன்பு மகள் செண்பகத்துக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் அரைச் சுகம். பிலாயில் குளிர் விட்டுவிட்டது, மாப்பிள்ளைக்கு ராத்திரி ஷிப்டு மாறிவிட்டது, பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது என்று நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அப்பா மூன்று முறை படித்தார், ஆனால் கேட்டால் ஒரு முறை என்பார். பாப்பா என் படத்தைப் பார்த்து ஆச்சி என்று சொல்கிறாளாமே, நாற்பத்தொரு வயதில் அந்தப் பெயரைக் கேட்க முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. எதிர்வீட்டு ஷமீம் பானுவிடம் சொன்னேன், அவள் மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டே, "எக்கா, ஆச்சின்னா மூக்குப் பொடி போடணும், நான் வாங்கித் தரட்டா?" என்று கேட்கிறாள்.

இந்தக் கடிதத்தில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வருடம் பங்குனி உத்திரத்துக்கு நாங்கள் சாஸ்தா கோயிலுக்கு நடந்து போகப் போகிறோம். வழக்கம்போல் ஸ்ரீவைகுண்டம் வரை பஸ், அங்கிருந்து மாட்டுவண்டி என்று இல்லை. நம் வீட்டிலிருந்து நடை, எட்டு நாள். நீங்கள் மூன்று பேரும் கூட வர வேண்டும். மாப்பிள்ளைக்கு இதைப் படித்துக் காட்டு, அவருக்கும் விளங்கட்டும் என்று முதலிலிருந்து எழுதுகிறேன். நம் ஜில்லாவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டு. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முதலில் கேட்பதே உங்கள் சாஸ்தா எது என்றுதான். அதைச் சொன்னால் சாதி, வகையறா, பங்காளி எல்லாம் சொன்ன மாதிரி. காலராவில் தாய் தகப்பனைக் கொடுத்துவிட்டு பாளையங்கோட்டை விடுதியில் வளர்ந்த நம் மாப்பிள்ளை அதை எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? நான்கு வருடம் முன்பு உன் பெரியப்பா நம் வாசலில் நின்று, "சாஸ்தா எதுன்னு கேட்டா முழிக்கிற பயலுக்குப் பொண்ணா? இனி இந்தத் தெருவுக்குள்ள அவ கால் வைக்கப்படாது" என்று சத்தம் போட்டது உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்போது நடந்ததைக் கேள். தை கடைசியில் கோயில் பூசாரி பிச்சைமணி உத்திரத்துக்கு அழைப்புச் சொல்ல வந்திருந்தார். பெரியப்பாவும் நம் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தார், நம் பக்கத்துக்கு அவர்தானே எல்லாவற்றுக்கும் தலை. காப்பி குடித்துக்கொண்டு பிச்சைமணி பேச்சோடு பேச்சாக, "பழைய சாஸ்தாவுக்கு இந்த வருசமாவது ஒரு நடை போயிட்டு வாங்களேன், பாவம், ஆள் இல்லாம கெடக்கு" என்றார். எந்தப் பழைய சாஸ்தா என்று கேட்டேன். அந்த மனிதர் நாங்கள் தெரியாதது போல நடிப்பதாக நினைத்துக்கொண்டு சிரித்தார். பிறகுதான் சொன்னார். உன் அப்பாவின் தாத்தா காலத்தில் நம் சாஸ்தா இன்னும் ஆறு மைல் தள்ளி, செம்மணல் தேரியின் ஓரத்தில் இருந்ததாம். ஒரு உத்திரத்தன்று குடும்பத்தோடு போகும்போது குளத்தங்கரையில் வண்டியின் அச்சு முறிந்துவிட்டது. "அச்சு செய்ய ஆசாரிக்கு ரெண்டு நாளாச்சாம். அதுக்குள்ள உச்சிப் பொழுது ஆயிரும்னு பக்கத்துல இருந்த எங்க கோயில்ல பொங்கலப் போட்டு, கெடாவும் வெட்டி, எங்க தாத்தாவுக்கு வேட்டியும் எடுத்துக் குடுத்துட்டாவ. பொறவு வருசா வருசம் அங்கனயே எறங்கிட்டாவ" என்றார். பெரியப்பா, "என்னவே உளறுதீரு?" என்று பாய்ந்தார். பிச்சைமணி பயப்படவில்லை. "நான் எதுக்கு அண்ணாச்சி பொய் சொல்லுதேன்? எங்க ஊருல ஒங்க கூட்டத்துக்குப் பேரே அச்சு முறிஞ்ச வீட்டுக்காரவதான்" என்றார்.

செண்பகம், நீ அங்கே இருந்திருக்க வேண்டும். அறுபது வருடமாக நம் சாஸ்தா நம் சாஸ்தா என்று மார்தட்டி, அதை வைத்து ஒரு பிள்ளையை நாயைப் போல விரட்டிவிட்டு, கடைசியில் பார்த்தால் வண்டி நின்ற இடத்தில் இறங்கின கூட்டம் நாம். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடு கோபமும் வந்தது. பதினாறு வயதில் இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து பெரியப்பாவுக்கு எதிரில் நான் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். "அத்தான், அச்சு முறிஞ்ச எடத்துல ஒரு சாமி கெடைக்கும்னா, எம் மருமவன் அவருக்குப் பிடிச்ச சாமியக் கும்பிட்டுட்டுப் போறாரு. அதுக்கு ஒரு வண்டிய ஒடைக்கணுமா, என்ன?" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "ஏலே சொரிமுத்து, பொம்பள பேசுதா, நீ கேட்டுக்கிட்டா இருக்க?" என்றார். உன் அப்பா மெதுவாக, "கேக்கதுக்கு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி" என்றார். முப்பது வருடம் போலீசில் இருந்த மனிதர் அண்ணனிடம் பேசின முதல் எதிர்ப் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பெரியப்பா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். அச்சு முறிந்த கோயிலுக்குத்தான் அவர் கூட்டம் போகும், மாற மாட்டார்களாம். போகட்டும். நாம் பழைய சாஸ்தாவுக்கு, அந்த ஆறு மைலும் சேர்த்து நடப்போம். அங்கே நம்மைப் போ என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

நடப்பதற்கு என்ன காரணம் என்றால், வண்டியில் ஏறினால் மறுபடியும் எங்காவது அச்சு முறிந்துவிடும் என்று அப்பா கேலி பேசுகிறார். உண்மையான காரணம், இந்த வயது வரைக்கும் நான் என் காலால் சேர்ந்தாற்போல் நாலு மைல் போனதில்லை. யாராவது ஏற்றிவிடுவார்கள், யாராவது இறக்கிவிடுவார்கள். ஊரில் நடக்கிறவர்கள் மூன்று நாளில் ஓடி முடித்துவிட்டு அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நமக்கு அந்த அவசரம் வேண்டாம். முதல் நாள் பாவூர்சத்திரம், அதற்கு மேல் ஒரு அடி கிடையாது. மறுநாள் ஆலங்குளத்துக்கு முன்னால் எங்காவது நின்றுவிட வேண்டும். நாலாம் நாள் சாயந்திரம் திருநெல்வேலி, அங்கே ஒரு நாள் முழுக்க ஓய்வு, ஆற்றில் குளியல். பிறகு ஆற்றை ஒட்டியே செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், அப்புறம் தேரி. காலையில் வெயில் ஏறும் மட்டும், சாயந்திரம் வெயில் தாழ்ந்த பிறகு. நடுப்பகலில் ரோட்டோரப் புளிய மரத்தடியில் படுக்கை. அப்துல் மஜீது சைக்கிள் கடையில் சொல்லி அப்பாவின் சைக்கிளுக்கு முன்னால் பாப்பா உட்காரப் பிரம்பில் ஒரு இருக்கை கட்டியாகிவிட்டது, பின்னால் பாத்திரம், அரிசி, கருப்பட்டி. அப்பா ஓட்ட மாட்டார், தள்ளிக்கொண்டே வருவார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டால் முழங்காலுக்கு ஆதரவாம்.

ஒத்திகையும் பார்த்தாயிற்று. போன வெள்ளிக்கிழமை விடியலில் குற்றாலத்துக்கு நடந்தோம். அருவியில் மாசித் தண்ணீர், சுவரில் எண்ணெய் வழிகிற மாதிரி இருந்தது, சீசனில் தலையைக் கொடுக்க முடியாத இடத்தில் ஒரு குரங்கு உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. போகும்போது அப்பா எனக்கு முன்னால் நடந்து, "ஏட்டி, மார்ச்சுல கை வீசணும்" என்று எனக்குப் பரேடு சொல்லிக்கொடுத்தார். திரும்பும்போது காப்பிக் கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் போவோமா என்று அவர் கேட்பார் என்று நானும், நான் கேட்பேன் என்று அவரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நடந்தே வந்தோம். அடுத்த வாரம் பண்பொழி மலையில் படி ஏறிப் பார்ப்பதாக இருக்கிறோம். ஷமீம் பானு எங்கள் வேகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க போற போக்குக்கு அடுத்த வருச உத்திரத்துக்குத்தான் சேருவிய" என்று சொல்கிறாள். ஆனால் பாவூர்சத்திரம் வரைக்கும் தானும் கூட வந்து, முதல் நாள் சோற்றைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாள்.

உன் பெரியம்மா ஆள் விட்டுக் கேட்டாள், நடுவழியில் வீட்டு விலக்கானால் என்ன செய்வாய் என்று. நடப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். வயலில் நாற்று நடுகிற பெண்களை மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்துகொள் என்று எந்தப் பண்ணையார் சொன்னார்? வேலைக்கு இல்லாத தீட்டு சாமிக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? செருப்பு போடாமல் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள், பங்குனித் தார் ரோட்டில் பாப்பாவின் காலைச் சுட்டுவிட்டு எனக்கு ஒரு புண்ணியமும் வேண்டாம். இன்னொன்று, வழியில் சில தண்ணீர்ப் பந்தலில் ஒரு ஆளுக்குச் செம்பிலும் இன்னொரு ஆளுக்குக் கையிலும் ஊற்றுகிறார்கள், எந்தப் பக்கத்து ஆள் என்று கேட்டுவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள். மாப்பிள்ளையிடம் ஒருத்தன் அப்படிக் கேட்டால் நான் சும்மா இருக்க மாட்டேன், சண்டை வரும், எட்டு நாளும் சண்டை போட்டால் நடை நடக்காது. ஆகையால் நம்முடைய பானையில் நம்முடைய தண்ணீர். வழியில் கேட்கிறவருக்கெல்லாம் அதே டம்ளரில் கொடுப்போம். நீ இரண்டு பழைய பருத்திச் சேலை, பாப்பாவுக்குத் தொப்பி, ஒரு குடை, கொப்புளத்துக்கு மருந்து கொண்டு வந்தால் போதும், டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராதே. இப்போதிருந்தே தினமும் சாயந்திரம் ஒரு மைல் நட. மாப்பிள்ளை இரும்பு அடிக்கிறவர், அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கே வந்து சேர வேண்டும் என்றால், நீங்கள் மதுரையில் வண்டி மாறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்கு வந்துவிடுங்கள். நாங்கள் நாலாம் நாள் அங்கே வந்து உங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். இங்கே தெருவில் வீண் பேச்சு வேண்டாம், பிள்ளைக்கு முன்னால் யாரும் ஒன்றும் சொல்லிவிடக் கூடாது, எல்லாருக்கும் சௌகரியம் என்று அப்பா சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மேலே எழுதினதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், எங்கள் புத்தி எப்படிப் போனது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். இதுவரை எழுதிவிட்டு வழக்கம்போல அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். திருநெல்வேலி ஜங்ஷன் வந்ததும் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்ற அதே ரெங்கம்மாள்தான் படிக்கிறாள் என்று தோன்றியது. பெரியப்பா கால் வைக்கக் கூடாது என்றார், நாங்களும் கால் வைக்காமலேயே உன்னைக் கூட்டிக்கொண்டு போக வழி கண்டுபிடித்துவிட்டோம், பிறகு அவருக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? அப்பாவிடம் கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு, "தென்காசியிலேயே எறங்கச் சொல்லு. டேசனுக்கு நான் போறேன். இருக்கிறதுலயே நல்ல சட்டைய எடுத்து வையி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார், நான் பார்க்காதது போல இருந்தேன்.

ஆகையால் திருநெல்வேலி வேண்டாம். மெட்ராசில் கொல்லம் வண்டியைப் பிடித்துப் பகலில் தென்காசியில் இறங்குங்கள். உத்திரத்துக்குப் பத்து நாள் முன்னால் வந்துவிட வேண்டும், இரண்டு நாள் நம் வீட்டில் இருங்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து கிளம்புவோம். டேஷனிலிருந்து வரும்போது குதிரை வண்டி வேண்டாம். தெருவுக்குள் திரும்பினதும் பெரியப்பா வீடுதான் முதலில் வரும், அவர் அந்த நேரம் வாசலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். தலையைக் குனிந்துகொண்டு ஓட வேண்டாம், சண்டைக்கும் நிற்க வேண்டாம். பாப்பாவை இறக்கிவிட்டு நடக்கவிடு. அவள் வேகத்துக்குத்தான் நாம் எல்லாரும் நடக்க வேண்டும். வழியில் கோழியைப் பார்க்க நின்றாள் என்றால் நிற்கட்டும்.

மாப்பிள்ளையை இன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல், நாளை நாளை என்று தள்ளினால் கிடைக்காது. இருமல் நின்றாலும் பாப்பாவுக்குச் சுக்கு வெந்நீரை நிறுத்தாதே. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் உறுதியான கால்களோடும் இருக்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். எந்த வண்டி, எந்தத் தேதி என்பதை மட்டும் ஒரு கார்டில் போடு. வீட்டு விலாசத்துக்கே போடு, தபால்காரர் தெருவில் நாலு பேரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவருவார், படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தெருமுனையில் நின்று கூட்டிவரப்போகும்
அம்மா
சொ. ரெங்கம்மாள்