ஆளே ஏறாத முதல் பஸ்

அண்ணி,

இன்று காலை பாலக்கரையில் ஒரு ஆள் பஸ்ஸில் ஏறினார். இஸ்திரி கலையாத சட்டை, தோளில் லேப்டாப் பை. உட்கார இடமில்லை. எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாதது போல, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஓசில வர்றவங்கள்லாம் ஜம்முன்னு உக்காந்திருக்காங்க. காசு குடுத்தவன் தொங்கிட்டு வரணும்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் எனக்கு உங்கள் கழுத்துதான் ஞாபகம் வந்தது. முகம்கூட இல்லை, கழுத்து. முதன்முதலாக அதைக் கேட்ட நாளில் நீங்கள் அப்படிக் குனிந்தீர்கள். பின்னங்கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. உங்கள் ஊர் தொட்டியத்தில் வாழைத்தார் சுமந்தபோதுகூட அந்தக் கழுத்து அவ்வளவு வளைந்திருக்காது.

பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் கிடையாது என்று அறிவித்த புதிது அது. அண்ணனின் லோடு ஆட்டோ சவாரி கிடைக்காமல் பாதி நாள் எடமலைப்பட்டி புதூரில் நம் வாசலிலேயே நின்றதால் நீங்கள் வேலைக்குக் கிளம்பினீர்கள். அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஓர் அடுக்குமாடி வீடு. படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு மாமா, அவரைத் தூக்கி உட்கார வைக்கத் தெம்பில்லாத மாமி, அமெரிக்காவில் பிள்ளைகள். காலை ஆறு மணிக்கு நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும். அதற்கு இருந்த ஒரே வழி, புதூரிலிருந்து நேராக ஸ்ரீரங்கம் போகும் முதல் கவர்ன்மென்ட் பஸ். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வீடு வீடாகப் போகும் வேலையில் நான் சேர்ந்திருந்ததால் எனக்கும் அதே பஸ்தான்.

சீட் காலியாக இருந்தும் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

"உக்காருங்க அண்ணி."

"இருக்கட்டும் பாப்பா. காசு குடுக்காம எப்படி உக்கார்றது?"

"யாரு வீட்டு பஸ்ஸுன்னு நெனச்சீங்க?"

"யாரு வீட்டு பஸ்ஸோ. நம்ம வீட்டு பஸ் இல்லைல்ல."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அப்படி வந்தது நீங்கள் மட்டும் இல்லை. பூக்கட்டப் போகிறவர்கள், மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள் என்று அந்த பஸ்ஸில் முப்பது நாற்பது பெண்கள். எல்லோருமே திருட்டு ரயில் ஏறியவர்கள் மாதிரி வந்தார்கள். நமக்குப் பைசா இல்லாத டிக்கெட் ஒன்று உண்டு. கண்டக்டர் அதைக் கிழித்துத் தர வேண்டும். அவர் தூக்கக் கலக்கத்தில் ஆண்களிடம் மட்டும் போய் வந்துவிட்டு, நம் பக்கம் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று கையை அசைப்பார். அதை நாம் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டோம். மெஸ் அக்கா ஒருநாள் சொன்னார்: "போறதே ஓசி. இதுல டிக்கெட்டு வேற கேட்டு அந்த மனுசன எழுப்பணுமாக்கும்."

ஒரு திங்கட்கிழமை பஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர் சொன்னார்: "அந்த டிரிப்ப எடுத்தாச்சும்மா. ஆளே ஏறலியாம்."

பிரைவேட் பஸ் அந்த நேரத்துக்கு வராது. ஷேர் ஆட்டோ மாற்றி மாற்றிப் போய்ச் சேர்ந்தால் மணி ஏழு. மாமி நல்லவர்தான், குரலை உயர்த்தியதே இல்லை. உயர்த்தாமலே சொன்னார்: "நீ வராம மாமா ஈரத்துலேயே கிடக்கார். உன் பஸ் நின்னா நான் என்ன பண்ணட்டும்டீம்மா? இந்த வாரம் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைத்தான் பார்க்கணும். பெருமாள் விட்ட வழி."

பெருமாள் விட்ட வழிக்குக் காத்திராமல் நீங்கள் கவுன்சிலர் வீட்டுக்குப் போனீர்கள். ஏழெட்டுப் பெண்கள் உங்கள் பின்னால் வந்தார்கள். நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. ஜெயித்தது அந்த வீட்டு அக்கா. ஆனால் தெருவில் ‘கவுன்சிலர்’ என்றால் அவர் புருஷன். ஜெயித்தவருக்குப் பெயர் ‘கவுன்சிலர் வீட்டம்மா’. புருஷன்தான் வெளியே வந்தார், வெள்ளை வேட்டி, காதில் போன்.

"என்னம்மா, சொல்லுங்க."

"அக்காவப் பாக்கணுங்க."

"எங்கிட்ட சொன்னா அவகிட்ட சொன்ன மாதிரிதான்."

"அப்படின்னா அக்காகிட்ட சொன்னாலும் உங்ககிட்ட சொன்ன மாதிரிதானேங்க. கூப்பிடுங்க."

உங்களுக்குள் அப்படியொரு வாய் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும். பின்னால் நின்றவர்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த அக்கா மாவு ஒட்டிய கையோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். புருஷன் முகத்தைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். "கை கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனவர், செருப்பைப் போட்டுக்கொண்டு நம்மோடு டெப்போவுக்கு ஆட்டோவில் வந்துவிட்டார். அவர் புருஷன் இல்லாமல் ஓர் அலுவலகத்துக்கு வந்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். இருக்கட்டும், அன்று வந்தார்.

டெப்போ மேனேஜர் உட்காரச் சொல்லித்தான் பேசினார். "அந்த டிரிப்புல ஏழெட்டுப் பேருதாம்மா ஏறுறாங்க. டீசல் காசுக்கே காணாது."

"நாங்களே நாப்பது பேரு போறோமே சார்."

"டிக்கெட் கிழிச்சாத்தாம்மா ஆளு. கிழிக்கலேன்னா எங்க கணக்குல சீட்டு காலி."

ஒரு மாதம் பஸ்ஸை விட்டுப் பார்ப்பதாக அவர் சொன்னதற்கு நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். கேட்டைத் தாண்டியதும் சிரிக்க ஆரம்பித்தவர் சிரித்துக்கொண்டே இருந்தீர்கள். "பாப்பா, இத்தன நாளும் அந்த பஸ்ல பேயாட்டம் போயிட்டு வந்திருக்கோம்டீ." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சிரிப்பு நின்றது. "எங்க ஊர்ல தார எண்ணுவாங்க. சொமந்தவள எண்ண மாட்டாங்க. டவுனுக்கு வந்தா மாறிடும்னு நெனச்சேன்."

இந்த நாட்டில் ஏழைப் பெண்ணை ஏமாற்ற யாரும் பெரிதாகச் சதி செய்ய வேண்டியதில்லை என்று அன்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு உரிமையாக ஒன்றைக் கொடுத்துவிட்டு, கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் கொடுத்தால் போதும். மீதியை அவளே பார்த்துக்கொள்வாள். கேட்க மாட்டாள். கேட்காததால் கணக்கில் வர மாட்டாள். கணக்கில் இல்லாதவளுக்கு எதற்கு பஸ், எதற்குத் தெருவிளக்கு, எதற்குக் கக்கூஸ்? மேடையில் மட்டும் அவள் தாய்க்குலம்.

பஸ் திரும்ப வந்த முதல் நாள், ஏறிய கையோடு நீங்கள் கையை நீட்டினீர்கள்.

"டிக்கெட் குடுங்கண்ணே."

"சும்மா உக்காரும்மா. ஓசிக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"உங்களுக்கு டிக்கெட் உண்டாண்ணே?"

"எனக்கு எதுக்கு? நான் கண்டக்டர்."

"அப்ப நீங்களும் ஓசிதான். நீங்க வேலைக்கு வர்றீங்க, நானும் வேலைக்குத்தான் போறேன். கிழிங்க."

பஸ்ஸே சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்துக்கொண்டு கிழித்தார். மெஸ் அக்கா கை நீட்டினார், பூக்காரம்மா கை நீட்டினார். அன்றுதான் நீங்கள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தீர்கள். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது, வாடகை கொடுத்த வீட்டில் காலை நீட்டுவது போல, நன்றாகச் சாய்ந்துகொண்டீர்கள்.

ஒரு மழை நாளில் டிரைவர் மதுரை ரோட்டிலிருக்கும் நம் ஸ்டாப்பில் நிறுத்தாமல் போனார். பெண்கள் மட்டும் நிற்கிற ஸ்டாப் என்றால் சிலருக்குக் கால் பிரேக்குக்குப் போகாது. மறுநாள் நீங்கள் சாப்பாட்டுப் பையோடு நடு ரோட்டில் போய் நின்றீர்கள். வண்டி உங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது.

"சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

"சாவறதுக்கு இல்லைங்க. ஸ்ரீரங்கத்துக்கு."

சாயங்காலத்துக்குள் யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார்கள், ‘வெக்கங்கெட்டவ’ என்ற சொல்லையும் சேர்த்து. அண்ணன் வாசலில் நின்றபடியே கேட்டான்: "நடு ரோட்டுல நின்னியாமே. வெக்கமா இல்ல?" நீங்கள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தீர்கள். நிமிரவே இல்லை. "இருந்துச்சு. அப்பல்லாம் அத பஸ்ல உக்கார வெச்சுட்டு நான் நின்னுட்டுப் போனேன். இப்ப நான் உக்காந்துட்டேன். கை கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

அப்படிப் பேசிய நீங்கள் உடம்புக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் உதிரம் போய்க்கொண்டிருந்தது. ரத்தம் எடுக்கிறேன் என்று நான் ஊசியோடு பின்னால் வந்தபோதெல்லாம், "குத்திப் பாத்தா ஏதாவது சொல்லுவீங்க. அப்புறம் லீவு போடச் சொல்லுவீங்க" என்று விலகிப் போனீர்கள். லீவு போட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்துவிடுவார். பெரியாஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுபோனபோது கர்ப்பப்பையில் தொடங்கியது எங்கெங்கோ பரவியிருந்தது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே என்றார் டாக்டரம்மா. இதற்கு நான் என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ளப் போவதில்லை. உங்களையும் சொல்ல மாட்டேன். ஒரு மனிதரை நேரம் தவறாமல் மாத்திரை சாப்பிட வைத்தவளுக்கு, ஒரு நாள் சம்பளத்தோடு லீவு எடுத்து டாக்டரைப் பார்க்க வழியில்லாமல் வைத்திருக்கிறார்களே, அவர்கள் எல்லோர் மேலும்தான் என் கோபம். அதற்கு முகம் இல்லாததால் அது தணியவும் மாட்டேன் என்கிறது.

மாமி போனில் அழுதார். "பெருமாள் திருவடி சேர்ந்துட்டா" என்றார். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டு, தெரிந்த பெண் யாராவது உண்டா என்று கேட்டார். அவரை எப்படி வெறுப்பது? மாமாவுக்கும் பசிக்கும், மாமாவும் நனைவார். மெஸ் அக்காவின் தங்கையை அனுப்பினேன். வாரம் ஒருநாள் லீவு, சம்பளம் பிடிக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிவிட்டுத்தான் அனுப்பினேன். மாமி சற்று யோசித்து, "சரிடீம்மா" என்றார். கேட்டிருந்தால் உங்களுக்கும் சரி என்றிருப்பார் போல. இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நம் ஸ்டாப்பில் இப்போது ஒரு ஃபிளெக்ஸ் நிற்கிறது. முதல் பஸ்ஸைப் பெற்றுத்தந்தவர் என்று கவுன்சிலர் புருஷனின் படம், ஆள் உயரத்துக்கு. தேர்தல் வருகிறதல்லவா. நான் நேரில் போய்க் கேட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "அதுக்கென்னம்மா, ஓரமா உங்க அண்ணி போட்டோவும் போட்டுடலாம்." வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் காலடியில் உங்களை ஸ்டாம்ப் சைஸில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன் அண்ணி. நாளை ஞாயிற்றுக்கிழமை. நாளையிலிருந்து ஞாயிறுகளில் முதல் பஸ் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஏது ஞாயிறு? சர்க்கரைக்கு ஏது ஞாயிறு? மெஸ்ஸில் அன்றைக்குத்தான் பாத்திரம் இரட்டிப்பு. போய்க் கேட்டோம். டெப்போவில் மேனேஜர் மாறிவிட்டார். நாங்கள் எல்லோரும் டிக்கெட் வாங்கித்தான் போகிறோம், ஒருத்தி விடாமல் கணக்கில் இருக்கிறோம் என்றேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆளு இருக்கும்மா. கலெக்‌ஷன் இல்லையே."

எண்ணிக்கையில் வந்துவிட்டால் போதும் என்று நினைத்தோம் இல்லையா? அதற்குப் பிறகும் ஒரு படி வைத்திருக்கிறார்கள். இப்போது நாங்கள் பேய் இல்லை, பூஜ்யம்.

மனு எழுதலாம் என்றார் கவுன்சிலர் புருஷன். மேலிடத்தில் பேசுகிறேன் என்றார். நாங்கள் எழுதவில்லை. நேற்று சாயங்காலம் நம் வீட்டு வாசலில் எல்லோரும் கூடினார்கள். இடம் போதாமல் லோடு ஆட்டோவின் மேலேயும் ஏறி உட்கார்ந்தார்கள். போலீஸ் வரும், கேஸ் போடுவார்கள் என்று அண்ணன் உள்ளேயிருந்து சொன்னான். மெஸ் அக்கா திரும்பிக் கேட்டார்: "ஸ்டேஷனுக்கு வண்டியில கூட்டிட்டுப் போவாங்கள்ல? அதுவும் ஓசிதான் தம்பி." ஆட்டோவைக் காலையில் எடுக்க மாட்டேன், வேண்டுமானால் ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று அண்ணன் படுக்கப் போகும்போது சொன்னான்.

நீங்கள் போன பிறகு உங்கள் புடவைகளைப் பெண்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. உங்களுடைய அந்த வெட்கங்கெட்டத்தனம் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை. நாளை காலை பஸ் வந்தால் ஏறுவோம். வராவிட்டால், மதுரை ரோட்டில் வேறு எந்த பஸ்ஸும் போகாது.