தாய்மாமன் மடி

சேரன்மகாதேவி,
1909, ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

கொழும்புத் துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் உடன்பிறந்த தம்பி சொரிமுத்துவுக்கு, அக்காள் தங்கத்தாய் சொல்லி எழுதுவித்தது. இசக்கியம்மன் புண்ணியத்தில் நாங்கள் மூவரும் சுகம். அங்கே உனக்கும் சுகத்துக்குக் குறைவிருக்கக் கூடாது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபப்படு. உன் மருமகளுக்குக் காது குத்தியாகிவிட்டது. தோட்டோடு நீ வரும்வரை குத்தக்கூடாது என்று எழுதியிருந்தாய். நான் மறக்கவில்லை, தம்பி.

நடந்ததைக் கேள். நானும் உன் மச்சானும் போகிற பஞ்சு மில்லில் ஞாயிற்றுக்கிழமையும் சங்கு ஊதும். மத்தியானக் கஞ்சியை நின்றபடியே குடிக்கவேண்டும். இனிப் பொறுப்பதில்லை என்று இளவட்டங்கள் கிளம்பினார்கள். உன் மச்சானும் அதில் ஒருவர். கூட்டம் போடத் தடை என்பதால், ஆற்றங்கரைக் கோயிலில் நம் பிள்ளைக்குக் காதுகுத்து என்று சொல்லி எல்லோரையும் அழைத்தார்கள். வாழைமரம், பாயசம், ஆசாரி என்று எல்லாம் யோசித்த மகா புத்திசாலிகள், தாய்மாமனை மறந்துவிட்டார்கள்!

போலீஸ்காரர் வந்து நின்றார். “தாய்மாமன் எங்கலே? மடி இல்லாம காது குத்துவியளோ?” என்றார். மில்லில் குமாஸ்தாவாக இருந்த தாஜ் முகம்மது, மேலப்பாளையத்துக்காரர், உன் வயதுதான், தொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “நாந்தான் சொரிமுத்து. பிள்ளைய இங்கன கொண்டா அக்கா” என்றார். குத்தி முடியும்வரை போலீஸ்காரர் நகரவில்லை. பிள்ளை அலறி, தாஜ் முகம்மதின் வேட்டியையும் நனைத்துவிட்டாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பாயசம் குடித்துவிட்டுப் போலீஸ்காரர் போனபின், தாஜ் முகம்மது மனு எழுத, முந்நூறு பேர் கைநாட்டு வைத்தோம்.

மனுவுக்குப் பதில் இல்லை. ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. வயல்வேலைப் பெண்கள் எங்கள் வாசல்தோறும் அரிசி வைத்துவிட்டுப் போனார்கள். நான் கும்பிட்டதற்கு ஒருத்தி, “போ தாயி, நாளைக்கு எங்களுக்கு நீ வரமாட்டியா?” என்று சிரித்தாள். அந்த மகராசிகள் நன்றாக இருக்கவேண்டும். பத்தாம் நாள் மானேஜர் துரை இறங்கிவந்தார். ஞாயிறு லீவு, கஞ்சிக்கு அரைமணி. பட்டப்பகலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உனக்குக் கடிதம் சொல்லுகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

எல்லோரையும் திரும்பச் சேர்த்தார்கள், தாஜ் முகம்மதைத் தவிர. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. துரை தினமும் பார்க்கிற குமாஸ்தாவின் எழுத்தாயிற்றே, மனுவைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீ இப்போது வாசிப்பதும் அதே எழுத்துதான். “என்னப் பத்தி இவ்வளவு வேண்டாம் அக்கா” என்று நாலு தரம் பேனாவை நிறுத்திவிட்டார். “பேசாம எழுதுலே” என்று அதட்டித்தான் இதுவரை கொண்டுவந்தேன்.

இந்தப் பக்கத்து மில் எதிலும் இனி அவருக்கு வேலை கிடையாது. நாளை தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறார். இதை உன் கையில் தருகிறவர் அவர்தான்.

திட்டுவதானால் என்னைத் திட்டி எழுது. அவரை வாசலில் நிறுத்தாதே. நீ சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரவை. வேலைக்கு உன் கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயுசு கெட்டியாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அக்காள்,
தங்கத்தாய்.