அமெரிக்காவுக்கு ராகு காலம் பார்த்த குற்றத்திற்காக

அனுப்புநர்:
லூ. அமல்ராணி,
க/பெ ஞானராஜ்,
மாதா கோயில் தெரு,
திண்டிவனம்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: விசாரணையின்றி வேலையை விட்டு நீக்கியது – மீண்டும் வேலை வழங்க ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. திண்டிவனத்திலுள்ள ஒரு தொலைபேசிச் சேவை நிறுவனத்தில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தேன். அமெரிக்காவில் மேப்பிள் ஃபோர்டு என்றொரு சிற்றூர். நம் பிரம்மதேசத்தைவிடப் பெரிதாக இருக்காது. அவ்வூரில் முடிவெட்ட, பல் பிடுங்க, கூரை மாற்ற, டிராக்டர் பழுதுபார்க்க யார் ஃபோன் செய்தாலும் மணி இங்கேதான் அடிக்கும். நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பது என் வேலை.

2. நான் ராகு காலத்தில் யாருக்கும் நேரம் கொடுத்ததில்லை. செவ்வாயும் வெள்ளியும் யாரையும் முடிவெட்ட அனுப்பியதில்லை. நான் கத்தோலிக்கப் பெண்தான். ஆனாலும் எங்கள் தெருவில் இதைப் பார்க்காதவர் இல்லை. ஒருவர் தலையை ஆகாத நாளில் கத்தரிக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதுவும் அவர்கள் ஊர் மணிப்படிதான் பார்த்தேன். நம்மூர் ராகு காலத்தை அவர்கள் தலையில் கட்டவில்லை.

3. இதனால் அவ்வூருக்கு ஒரு குறையும் வரவில்லை. கூரை மாற்றும் ஹேங்க் என்பவர் முன்பு இரண்டு முறை மேலிருந்து விழுந்தவர்; என் காலத்தில் ஒருமுறைகூட விழவில்லை. முடிதிருத்தும் வால்டர் செவ்வாய்தோறும் கடையைப் பூட்டிவிட்டு மீன்பிடிக்கப் போகப் பழகிக்கொண்டார்.

4. சென்னைத் தலைமை அலுவலகம் கணக்கெடுத்து, அந்த ஊரில் செவ்வாய்க்கிழமை ஏன் யாருக்கும் முடி வளர்வதில்லை என்று கேட்டதாம். உடனே மேலாளர் திரு. விருத்தாசலம், “அமெரிக்காக்காரனுக்கு இன்னாம்மா ராகு காலம்? என்னைப் பேஜாரு பண்ணிக்கினு இருக்கே!” என்று எல்லோர் முன்னிலையிலும் கத்தினார். ஐயா, ராகு காலம் அச்சடித்த காலண்டரை அலுவலகச் சுவரில் மாட்டியதே அவர்தான். திறப்பு விழாவன்று ராகு காலம் கழியட்டும் என்று எங்களையெல்லாம் கொட்டும் மழையில் நிறுத்தியவரும் அவரே.

5. இம்மாதம் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு என்னை வரச்சொன்னார். நீக்க உத்தரவு அவர் மேசைமேல்தான் கிடந்தது. ஆனால் கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணி தாண்டி, ராகு காலம் முடிந்த பிறகே என் கையில் கொடுத்தார்.

6. என் இடத்தில் இப்போது கோட்டக்குப்பம் நாசியா உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பெண். அவள் செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பேரை முடிவெட்ட அனுப்ப, மூவரும் பூட்டிய கடை முன்னால் நின்றிருக்கிறார்கள். மீனோடு திரும்பிய வால்டர், பழைய அம்மாவைக் கூப்பிடு என்று ஃபோனில் சண்டை போட்டதாக அவளே வந்து சொன்னாள். அந்த ஊருக்கு நான் வேண்டும், ஐயா. எனக்கும் அந்த வேலை வேண்டும். என் மகள் மெர்லின் அதை நம்பித்தான் கல்லூரியில் சேர்ந்தாள்.

ஆகவே, இரு தரப்பையும் அழைத்து விசாரித்து, என் வேலையைத் திரும்பப் பெற்றுத்தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எந்த நாள், எந்த நேரம் குறித்தாலும் வருவேன். ராகு காலமானாலும் வருவேன்; வேலை போனவள் இனி எதற்குப் பயப்பட வேண்டும்? ஆனால் அந்த நேரத்தில் வைத்தால் திரு. விருத்தாசலம் வரமாட்டார். அவர் பொருட்டு மட்டும் நல்ல நேரமாகப் பார்த்துக் குறிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: திண்டிவனம்
நாள்: 26.09.2012

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
லூ. அமல்ராணி