ஸ்டெல்லா அக்காவின் வயது

மே 14, வியாழன்

கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அக்காவுக்குக் காணி வழக்கை விட வயதுதான் பெரிய கவலை. எதிராளியும் அவரும் ஒரே கோயில் பாடகர் குழு. அங்கே இவருக்கு ஐம்பது வயதாம்.

"வழக்குத் தோத்தாலும் பரவாயில்லை தங்கச்சி, அவளுக்கு என்ட வயசு தெரியக் கூடாது."

வழக்குக்குத் தேவையில்லாத விவரம்தானே என்று, எதிர்த்தரப்புக்குப் போகும் ஆவணப் பிரதியில் பிறந்த திகதியைக் கறுப்பு மையால் மறைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தேன். வழக்கறிஞர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்கே பெருமை.

எங்கள் கந்தோர் பியோன் சுனில் அய்யே கடித உறையில் போடுமுன் ஒருமுறை பார்த்தார்.

"மிஸ், இந்த நோனாவுக்கு வாற மாசம் அறுபத்திரண்டு."

அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்! முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அது அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு மட்டும் ஐந்நூறு கூட்டி. நாடே அறிந்த கணக்கு. அதற்கும் மை பூசிவிட்டு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போதுதான் உறைக்கிறது. கந்தோர் வரவுப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் என் இலக்கமும் இருக்கிறது. நான் மூன்று வருடமாக முப்பத்தொன்பது என்று சொல்லிவருகிறேன். ஒவ்வொரு முறையும் சுனில் அய்யே "ஓம் மிஸ்" என்றுதான் சொல்லியிருக்கிறார்.

தங்கமான மனுசன்.