மாப்பிள்ளை ஸ்பிரேயரும் அப்பாவின் கண்ணும்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் வலது கண்ணைத் தவிர. பதறாதே, பார்வைக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, முதுகுவலி குறைந்ததா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும், கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். போன வாரம் போனில் பேசும்போது அப்பா இடப்பக்க முகத்தையே காட்டிக்கொண்டிருந்தாரே, என்னப்பா போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க என்று நீகூடக் கேலி செய்தாயே, அப்போது மறுபக்கம் கட்டு போட்டிருந்தது. போனில் உன்னிடம் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. போனில் சொல்லக் கூடாது என்றுதானே சொன்னார், எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

நீ போன தடவை வந்தபோது, அப்பாவின் மரப்பூச்சு வேலைக்காக, மரத்தைக் கழுவுகிற ப்ளீச்சிங் கரைசலுக்கு ஒரு ஸ்பிரேயர், தண்ணீருக்கு ஒன்று, மரத்துக்கு நிறம் ஏற்றுகிற ஸ்டெயின் எண்ணெய் அடிக்க ஒன்று என்று பிரித்து, கலர் கலராக டேப் சுற்றி வைத்துவிட்டுப் போனாய் அல்லவா. ஸ்டெயின் ஸ்பிரேயர் முதலிலேயே அடைத்துக் குப்பைக்குப் போயிற்று, ப்ளீச்சிங் ஸ்பிரேயரில் ஸ்பிரிங் துருப்பிடித்து ஓய்ந்தது, தண்ணீர் ஸ்பிரேயரை உன் தம்பி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நசுக்கினான். இந்த இரண்டையும் தூக்கிப் போடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. ஒன்றின் டேங்க், இன்னொன்றின் பம்பு, செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற பழசிலிருந்து ஒரு குழாய் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஸ்பிரேயர் பண்ணிவிட்டார். பாதி சிவப்பு டேப், பாதி நீல டேப். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வேறு. நீ ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் இந்த வீட்டுக்கு இதுதான் மாப்பிள்ளையாம். மாப்பிள்ளையை வெயிலில் வைக்காதே, மாப்பிள்ளை தலையில் துணி காயப்போடாதே என்று என்னை விரட்டுவார். கட்டின பெண்டாட்டிக்கு இந்த வீட்டில் அந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

இந்த மாப்பிள்ளை காலையில் ப்ளீச்சிங் குடிக்கும், மத்தியானம் ஸ்டெயின் குடிக்கும். நடுவில் நல்ல தண்ணீர் விட்டு நாசில் முனை வரைக்கும் பீய்ச்சிக் கழுவணும், ஸ்டெயின் அடித்தபின் தின்னர் விட்டு அலசணும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காற்றோடு போயிற்று. பேக்கரிக்காரர் கடை முகப்பில் அடித்த ஸ்டெயின் குழாயில் தங்கியிருந்த ப்ளீச்சிங்கோடு கலந்து திட்டுத்திட்டாக வெளுத்துப்போய், முழுக்கத் தேய்த்துவிட்டு மறுபடி அடித்தார்கள். அப்போதும் உன் அப்பா மரத்தைத்தான் குறை சொன்னார். அப்புறம் பல் டாக்டர் வீட்டு வேலை. தோட்டத்துப் பக்கம் மரத்தளம் போட்டிருக்கிறார்கள், அதைக் கழுவி ஸ்டெயின் அடிக்க வேண்டும். முந்தின வேலையில் ஸ்டெயின் எண்ணெய் ஊறி ரப்பர் வாஷர் உப்பிப்போயிருக்கிறது, பம்பு மேலேயும் வரவில்லை கீழேயும் போகவில்லை. உள்ளே ப்ளீச்சிங், அதற்கு மேல் காற்று திமிறிக்கொண்டு நிற்கிறது. காற்றை வெளியே விடுகிற சின்ன வால்வும் ஸ்டெயின் காய்ந்து அடைத்துவிட்டது. திறக்காதீங்கப்பா என்று உன் தம்பி சொல்லி வாய் மூடவில்லை, இவர் மூடியைத் திருகிவிட்டார். மூடி காதோரம் பறந்தது, கரைசல் கண்ணில் அடித்தது. வேலைக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி எங்கே இருந்தது என்று கேட்கிறாயா, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

உன் தம்பி அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துக் குழாயடியில் உட்கார வைத்து, இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறான். அவர் கத்தக் கத்த விடவில்லை, அப்புறம் ஆஸ்பத்திரி. அங்கேயே கழுவாமல் வந்திருந்தால் கண் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இவர் என்னடா என்றால், சட்டையை நனைத்துவிட்டான், மாப்பிள்ளையைப் பல் டாக்டர் வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டான் என்று அவனைத் திட்டுகிறார், போய் எடுத்துக்கொண்டும் வரச் செய்தார். அது ஏறுகிற வண்டியில் இனி நான் ஏற மாட்டேன் என்று அவனும் சொல்லிவிட்டான். இருவருக்கும் பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, தண்ணீர்ச் சொம்பைத் தள்ளச் சொல் என்று என்னிடம் சொல்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்து மரவேலி வேலை தொடங்குகிறது, தனியாகவே போவேன் என்று நிற்கிறார். ஒரு கண்ணில் கட்டு, கையில் அந்தச் சனியன். இருக்கிற ஒரு கண்ணிலும் பட்டால் நான் என்ன செய்வேன்.

நீ புதிதாக வாங்கி அனுப்பினாயே ஒரு ஸ்பிரேயர், அது எங்கே போயிற்று என்று கேட்பாய். நானும் கேட்டேன். உன்னிடம் சூப்பரா ஓடுதும்மா என்று சொல்லியிருக்கிறார், என்னிடம் தம்பி வைத்திருக்கிறான் என்றார், தம்பியிடம் ரிப்பேருக்குக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். நேற்று அவர் கண்ணைத் துடைக்க மெத்தென்று ஒரு துண்டு தேடி பீரோவைக் குடைந்தேன். அவருடைய நல்ல சட்டைகளுக்கு அடியில், நான் தேடின அதே துண்டில் சுற்றி, பெட்டியோடு இருக்கிறது. ப்ளீச்சிங்குக்கும் எண்ணெய்க்கும் தாங்குகிற வாஷர் போட்டது வேண்டும் என்று எத்தனை கடைக்காரர்களின் உயிரை வாங்கி வாங்கினாயோ அந்த ஸ்பிரேயர். மேலே ஒட்டின பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். கொஞ்சமும் அசரவில்லை. புள்ள ஆசையா வாங்கி அனுப்பினது, அதுல போய் ப்ளீச்சிங்கை ஊத்தச் சொல்றியா என்று என்னையே கேட்கிறார். எனக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. அந்தத் துண்டாலேயே இரண்டு போட்டேன், போட்டுவிட்டு அழுதேன்.

அப்புறம் ஒரு காரியம் செய்தேன். காய் நறுக்குகிற கத்தியால் மாப்பிள்ளையின் குழாயைத் துண்டு துண்டாக நறுக்கினேன். உன் ஸ்பிரேயரின் பிளாஸ்டிக்கை உரித்து, ஸ்டெயினை ஊற்றி, நம் வீட்டுப் பின்கதவுக்கு அடிக்க ஆரம்பித்தேன். ஒற்றைக் கண்ணோடு வாசலில் நின்று பார்த்தார். புது டேங்கின் மேல் ஸ்டெயின் வழிந்தபோது, தன் மேலேயே வழிந்த மாதிரி முகத்தைச் சுளித்தார். பாதிக் கதவு ஆனதும் பொறுக்க முடியாமல் வந்து, நாசிலை விசிறி மாதிரி அடிக்கிற பக்கம் மாத்து, இப்படி ஒழுக விட்டா எப்படி என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டால்தான் ஆயிற்று என்றேன், கட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார். மீதிக் கதவை அவர்தான் முடித்தார். உன் தம்பி எங்கிருந்தோ தின்னர் டப்பாவோடு வந்து நின்றான். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் அதைக் கழற்றிக் கழுவினார்கள். திங்கட்கிழமை அவனும் போகிறான்.

நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வர வேண்டாம், போனில் அவரைத் திட்டவும் வேண்டாம், நான் திட்டினதே இந்த வருஷத்துக்குப் போதும். உடம்பைப் பார்த்துக்கொள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேறென்ன வேண்டும். ஆனால் இதை மறந்துவிடாதே. ப்ளீச்சிங்குக்குத் தனியாக இன்னொரு ஸ்பிரேயர் வேண்டும், அதே மாதிரி பார்த்து அனுப்பு. புதுசாக மட்டும் அனுப்பாதே. உன் குளியலறைச் சுவரை அதை வைத்து நாலு தரம் கழுவி, கீழே ரெண்டு தரம் போட்டு, நன்றாக அழுக்காக்கி அனுப்பு. அப்போதுதான் உன் அப்பா அதைத் தொடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா