நீ போடாத ஷூவில் உன் மனைவி நடக்கிறாள்

பாசமுள்ள மாப்பிள்ளை மணியத்துக்கு,

அங்கே சாப்பாடெல்லாம் எப்படி? உன்னிடம் முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தெரியும். இந்த வருஷப் படையலில் உனக்கு வைத்த மட்டன் பிரட்டலின் வாசனை கிள்ளான் முழுக்க அடித்தது. நான் ஓரமாக உட்கார்ந்து உப்பில்லாத முட்டை வெள்ளையைத் தின்றேன். செத்தவனுக்கு மட்டன், இருக்கிறவனுக்கு வெள்ளைக்கரு. என்ன நியாயம் இது?

இப்போது எழுதுவது உன்னிடம் ஓர் அனுமதி கேட்க. உன் மனைவி, என் தங்கை லெட்சுமி, அவளுடைய கிட்னியில் ஒன்றை எனக்குத் தரப்போகிறாள். சீர் செய்ய வேண்டிய அண்ணன் தங்கச்சியிடமே சீர் வாங்குகிறானே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இதை ஆரம்பித்து வைத்தது நீதான், மறந்துவிடாதே.

என் கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது என்று தெரிந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில், உப்பு என்பதால் நான் ஒதுக்கி வைத்த அப்பளத்தையும் எடுத்து நொறுக்கிக்கொண்டே நீ சொன்னது இது: “என் கிட்னிய எடுத்துக்க மச்சான். ரெண்ட வச்சிக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்லா?” அடுத்த வாரமே என்னைப் பார்க்கிற டாக்டரம்மா முன்னால் போய் நின்றாய். அவர் உன் பிரஷரையும் தொப்பையையும் பார்த்துவிட்டு, “அங்கிள், மொதல்ல நடங்க. தானம் அப்புறம்” என்றார். அன்று சாயந்திரமே பச்சைக் கோடு போட்ட ஷூ ஒன்று வாங்கினாய்.

அந்த ஷூ பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. தீபாவளி முடியட்டும் என்றாய். மழை நிற்கட்டும் என்றாய். தைப்பூசம் போய்விட்டு வந்து ஆரம்பிக்கிறேன் என்றாய். தைப்பூசத்துக்குப் போய் வந்த மறு வாரம், பல் விளக்கிக்கொண்டு இருக்கும்போதே உன் நெஞ்சு நின்றுவிட்டது. நான் தினமும் காலையில் போன் போட்டு உன்னை எழுப்பி நடக்க வைத்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. எழுப்பியிருந்தால் திட்டியிருப்பாய், அவ்வளவுதானே?

நான் அப்படியேதான் இருக்கிறேன். வாரத்தில் நான்கு நாள் ரவிக்கை தைக்கிறேன், மூன்று நாள், ரத்தத்தைச் சுத்தம் பண்ணி உடம்பில் தேங்கிய தண்ணீரை மெஷின் உறிஞ்சி எடுக்கும் வரை, டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக் கிடக்கிறேன். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அளவெடுத்தே வயது போய், சொந்தமாக ஒருத்தியைப் பார்க்க மறந்தவனுக்கு அந்த நாற்காலிதான் துணை. ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக் குழாய் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்களே, அது இரண்டு தடவை அடைத்துவிட்டது. மூன்றாம் தடவை அடைத்தால் வேறு இடம் தேட வேண்டும், மாற்றுக் கிட்னியை அதிக நாள் தள்ளாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

லெட்சுமியைப் பற்றிச் சொல்கிறேன். நீ போன பிறகு அவள் சமைப்பதையே நிறுத்திவிட்டாள். மகளும் ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். காலையில் டீயில் நனைத்த ரொட்டி, ராத்திரியும் டீயில் நனைத்த ரொட்டி. அவள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டாள், ஆனால் தையல்காரனிடம் எதை மறைக்க முடியும்? ஒரே வருஷத்தில் அவளுடைய ரவிக்கைகளை மூன்று தடவை பிடித்துத் தைத்தேன்.

ஒரு நாள் என் கடைக்கு வந்து, “நான் குடுக்கிறேண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே” என்றாள். பரிசோதனை எல்லாவற்றிலும் பாஸானாள். இவ்வளவு இளைத்த பிறகும் எடை மட்டும் அவர்கள் வைத்த உச்ச எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, பரவாயில்லை என்றார்கள். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது இவள் என்ன சொன்னாளாம் தெரியுமா? “எங்கண்ணனா? கடையில சில்லறை பாக்கிய வாங்கவே கூச்சப்படுற ஆளு. அவரு கிட்னி கேப்பாராம்மா?”

விஷயம் வெளியே தெரிந்தது. அங்கேதான் பிடித்தது சனி. நம் சனங்களுக்கு நன்றி சொல்லத் தெரிந்த ஒரே வழி சோறு போடுவதுதானே! கிட்னி கொடுக்கப் போகிற பிள்ளை தெம்பாக இருக்க வேண்டாமா என்று ஊரே கிளம்பி வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப். கோயில் கமிட்டியிலிருந்து நெய்ச் சோறு. நம் செல்லம்மா அத்தை கேரித் தீவிலிருந்து நண்டு கொண்டுவந்தார். அது போதாது என்று ஆட்டுக் கிட்னி வறுவல் வேறு. “ஒண்ணு போனா ஒண்ணு ஊறணும் பாரு, சாப்புடு தாயி” என்று பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

லெட்சுமி சாப்பிட்டாள், மாப்பிள்ளை. சிரித்துக்கொண்டே, விரலைச் சூப்பிக்கொண்டே, பேச ஆள் இருக்கிற தைரியத்தில் சாப்பிட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவளை அப்படிப் பார்த்தேன். ஒரு நாள் ரவிக்கையைக் கொண்டுவந்து, “கொஞ்சம் பிரிச்சு விடுண்ணே” என்றாள். அந்தத் தையலைப் பிரிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டாவது தடவை பிரிக்கச் சொன்னபோதுதான் டாக்டரம்மாவின் எல்லைக்கோடு ஞாபகம் வந்து பயந்தேன்.

பயந்த மாதிரியே ஆனது. டாக்டரம்மா தராசைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், திரும்பத் தராசைப் பார்த்தார். “ஆன்டி, ஆறு கிலோ ஏறியிருக்கு. சுகரும் லேசா ஏறுது. எறக்கிட்டு வாங்க, அது வரைக்கும் ஆபரேஷனுக்குத் தேதி கெடையாது.”

வரும் வழியில் ரயிலில் இவள் என்னிடம் கேட்கிறாள்: “நீ மட்டும் நாலு மணி நேரம் படுத்துத் தூங்கியே ரெண்டரைக் கிலோ எறங்கிடுறியேண்ணே. ஒன் மெஷின்ல நானும் ஒரு தடவ படுத்துக்கவா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் கழித்து இப்போதுதான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். என் கிட்னிக்காக அந்தத் தட்டைப் பிடுங்குவதா? வீட்டு வாசலில் வைத்துச் சொல்லிவிட்டேன். “கிட்னியும் வேணாம் ஒண்ணும் வேணாம். எனக்கு மெஷின் இருக்கு. நீ நல்லா சாப்புடு, போதும்.”

அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று நீ தாலி கட்ட லேட்டாக வந்தபோது வந்த அதே கோபம்.

“அவரு போனதுக்கப்புறம் தனியா ஒக்காந்து சாப்புட்டுப் பாத்தேண்ணே, எறங்கல. இந்தக் கூட்டமெல்லாம் ஆபரேஷன் முடிஞ்சா போயிரும். ஒன்னையும் அனுப்பிச்சிட்டு நான் யாரோடண்ணே ஒக்காந்து சாப்புடுவேன்? ஒனக்கு வேணாம்னா போ. எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டு உள்ளே போய் அலமாரி மேலிருந்த உன் ஷூப் பெட்டியை இறக்கினாள். உன் ஒன்பதுக்கும் அவள் ஐந்துக்கும் என்ன பொருத்தம்? முனையில் பேப்பரைச் சுருட்டி வைத்து, மூன்று ஜோடி சாக்ஸ் மாட்டி, மறு நாள் காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வேறு ஷூ வாங்கித் தருகிறேன் என்றால் கேட்டால்தானே. “அவரு எனக்குன்னு நடக்கல. இதுலயாவது நடக்கட்டும்” என்கிறாள்.

மெஷின் இல்லாத நாட்களில் நானும் பூங்காவுக்குப் போனேன். என் வேலை பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொள்வது. நாள் முழுக்க இரண்டு கப் தண்ணீருக்கு மேல் குடிக்கக் கூடாதவனிடம் ஒரு லிட்டர் போத்தலைக் கொடுத்துவிட்டுப் போகிற புண்ணியவதி உன் மனைவி. டப் டப் என்று ஒரு சுற்று வந்து, என் முன்னாலேயே மடக் மடக் என்று குடித்துவிட்டு, “மன்னிச்சிக்கண்ணே” என்று அடுத்த சுற்றுக்குப் போவாள்.

சோறு வருவது மட்டும் நிற்கவில்லை. “கிட்னி குடுக்கிற புள்ளைக்கு வெறும் கஞ்சியா?” என்று செல்லம்மா அத்தை என்னோடு பேச்சை விட்டுவிட்டார். வருவதை எல்லாம் டயாலிசிஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இப்போது நர்ஸ்கள் எல்லாரும் கன்னம் உப்பிப் போய் இருக்கிறார்கள்.

போன வாரம் மறுபடி தராசு. வளையலைக் கழற்றினாள், வாட்சைக் கழற்றினாள், கைப்பையை என்னிடம் வீசினாள். முந்நூறு கிராம் கூடுதல். “ஷூவக் கழட்டுங்க ஆன்டி” என்றார் நர்ஸ். இவள் அசையவில்லை. “இது அவரோடது. இருக்கட்டும்” என்று நிற்கிறாள். நான் பார்த்தேன், கீழே உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டேன். “ஐயோ அண்ணே, காலத் தொடாத!” என்று கத்தினாள். தொட்டால் என்ன? தொட வேண்டிய கால்தான். உன் ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எடை எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியது. இருவரும் அந்த இடத்திலேயே அழுதோம். நர்ஸ் தராசு கெட்டுப்போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தார்.

தேதி கொடுத்துவிட்டார்கள், அடுத்த மாதம். பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. என்னைப் பற்றி அல்ல, அவளைப் பற்றி. உனக்குச் சம்மதமா? நேற்று கடையில் பல்லி சத்தம் போட்டது. நீதான் என்றால் இன்னொரு தடவை தெளிவாகச் சொல்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் கொடுப்பதை என் உடம்பு ஏற்றுக்கொண்டால், இனி லெட்சுமி ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தனியாகச் சாப்பிட மாட்டாள். உன் ஷூ எனக்குச் சரியான அளவு, போட்டுப் பார்த்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டே கிள்ளானில் உன் வீட்டுக்கு வருவேன். மூன்று இலை போடச் சொல்வேன். டாக்டர் அனுமதித்தாலும் என் அப்பளத்தை நான் தொட மாட்டேன். அது உன் இலைக்கு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரியின் தயவில் தண்ணீர் குடிக்கக் காத்திருக்கும் மச்சான்,
தையல்காரக் குமரேசன்