கொட்டகைக்குப் பின்னால் எடுத்த மண்

வானிலை அலுவலகம்
6ஆம் தேதி, திங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ, மாமா, வாண்டு மூவரும் நலம்தானே? மழையில் போன் செத்துக் கிடப்பதால், பால்வண்டிக்காரர் புண்ணியத்தில் இதை அனுப்புகிறேன்.

உழவர்களுக்கு நான் வாராவாரம் எழுதும் அறிக்கையில், உங்கள் மலையடிவாரத்து மண் ஈரத்துக்கு உன் கைப்பிடி மண்தான் ஆதாரம். மழை விடாமல் கொட்டுகிறது. நீயோ, பிடித்த உருண்டை உதிர்ந்துவிட்டது, ஈரம் போதவில்லை என்றே எழுதுகிறாய். நானும் “மண் இன்னும் நீர் குடிக்கும், குட்டைகளில் தேக்கிக்கொள்ளலாம்” என்று போட்டுவிட்டேன். இப்போது மனசு ஒப்பவில்லை. மண்ணை எங்கே எடுக்கிறாய்? கோபித்துக்கொள்ளாமல் சொல்.

அன்புத் தம்பி

8ஆம் தேதி, புதன்

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். ஒரு பிடி மண்ணுக்கு இத்தனை விசாரணையா? நீ போலீஸில் சேர்ந்திருக்கலாம். வயலில் முழங்கால் வரை சேறு. அதனால் கொட்டகைக்குப் பின்னால், கூரைக்கு அடியில் விறகு அடுக்கியிருக்கும் இடத்தில் எடுக்கிறேன். எல்லாம் ஒரே மண்தானே?

உன் அறிக்கையை நம்பி, மேட்டுக் குட்டையை எல்லோரும் சேர்ந்து ததும்பத் ததும்ப நிரப்பியிருக்கிறார்கள். மதகையும் அடைத்தாயிற்று. நம் வீட்டுக்கு மேலே, கரையடியில் சின்ன ஊற்று ஒன்று புறப்பட்டிருக்கிறது. வாண்டு அதில் கப்பல் விடுகிறாள். உருளைக்கிழங்கு அழுகாமல் இருந்தால் சரி. நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

9ஆம் தேதி, வியாழன்

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. மழையே படாத மண்ணைப் பிடித்துப் பார்த்து நீ எழுதியிருக்கிறாய். அதை வைத்து ஊருக்கே நான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். நனைந்து ஊறிய மண் இனி ஒரு சொட்டுகூடக் குடிக்காது. குட்டைக் கரையும் அதே மண்தான், ஊறி இளகினால் உடைந்துவிடும்.

இது கிடைத்ததும் மாமாவையும் வாண்டையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு. பாத்திரம் பண்டம் பார்க்காதே. மதகைத் திறக்கச் சொல். இங்கே மேலதிகாரி, பொறியாளர் அடுத்த வாரம் வந்து பார்க்கட்டும் என்கிறார். அதுவரை வீட்டுப் பக்கம் போகாதே.

தம்பி

பள்ளிக்கூடம்
13ஆம் தேதி, திங்கள்

அன்புத் தம்பிக்கு,

நீ சொன்னபடி இங்கேதான் இருக்கிறோம். கரும்பலகைக்குக் கீழே அடுப்பு, பெஞ்சு மேலே தூக்கம். வாண்டுக்கு ஒரே கொண்டாட்டம்.

மதகைத் திறக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. “உன் தம்பிக்கு வாரத்துக்கு ஒரு பேச்சா? போன வாரம் நிரப்புன்னாரு, இந்த வாரம் திறன்னா எப்படிம்மா?” என்று சிரிக்கிறார்கள். கரைக்கு நேர் கீழே இருப்பது நம் வீடு மட்டும்தானே, அவர்களுக்கென்ன.

இன்று நல்ல வெயில். “துணி காயுற மாதிரி கரையும் காஞ்சிடும், கிளம்பு” என்று மாமா நச்சரிக்கிறார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். நேற்று போய்ப் பார்த்தேன், வீடு வைத்தது வைத்தபடி இருக்கிறது. ஊற்று மட்டும் சேற்று நிறமாகிவிட்டது, எருமை ஏதாவது இறங்கியிருக்கும். நாளை சாயங்காலம் வரை அவரைப் பிடித்து வைக்கிறேன். உன் பதில் வராவிட்டால் புதன் காலையில் வீட்டுக்குப் போய்விடுவோம்.

அக்கா

பாலத்தருகே
15ஆம் தேதி, புதன் மதியம்

அக்கா,

நேற்று பால்வண்டி வரவில்லை. உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. படித்த கையோடு ஓடி வந்தேன். ஆற்றில் வெள்ளம் வடியாததால் உங்கள் ஊர்ப் பாலத்தில் ஆட்களை விடவில்லை, பால்வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. காவலுக்கு நிற்பவரின் காலில் விழாத குறை.

எருமை இல்லை அக்கா. ஊற்று கலங்கி வந்தால் கரை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே வெயில் அடித்தாலும் அது நிற்காது. உன்னை மேலும் பயமுறுத்த வேண்டாமென்று போன கடிதத்தில் இதை எழுதாமல் விட்டேன்.

வண்டி கிளம்பப் போகிறது. “பள்ளிக்கூடத்துல குடுக்கணுமா, வீட்டுலயா தம்பி?” என்று பால்வண்டிக்காரர் கேட்கிறார். காலையிலேயே நீங்கள் கிளம்பியிருப்பீர்களே என்று, வீட்டுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கரைக்குக் கீழே இன்னொரு மனுஷரை அனுப்ப எனக்கு நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நீ அங்கே இரு அக்கா.

தம்பி